ஆளறியும் வீடு: டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் வயரிங் வேலை பார்ப்பவன் நான். சில ஆண்டுகளாகப் பாதி வேலை சென்சார் பொருத்துவதாக ஆகிவிட்டது. வீடு கட்டுகிறவர்கள், மண்டபம் நடத்துகிறவர்கள், நெல் வியாபாரிகள், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கும் பெரியவர்கள் எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். பல இடங்களில் "வேண்டாம்" என்றே பதில் சொல்லியிருக்கிறேன், என் பிழைப்புக்கு அது நல்லதல்ல என்று தெரிந்தும்.

ஸ்மார்ட் வீடு என்றால் போனில் லைட் போடுவதுதானே?

இல்லை. போனில் லைட் போட்டால் சுவிட்சின் வயர் கொஞ்சம் நீண்டிருக்கிறது, அவ்வளவுதான். போடச் சொன்னது நீங்கள்தானே? ஆள் வந்ததையும் போனதையும், அறை புழுங்குவதையும், வெளியே காற்று திரும்பியதையும் வீடு தானாக அறிந்து, அதற்கேற்ப எதையாவது செய்தால்தான் அந்தப் பெயர் பொருந்தும்.

இதில் "செய்தால்" என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். சுவரில் அழகான பெட்டி, அதில் வெப்பம், ஈரப்பதம் எல்லாம் ஓடுகிறது. ஆனால் எக்சாஸ்ட் ஃபேன் கிடையாது, ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவர். அந்தப் பெட்டி, வந்த விருந்தாளி மாதிரி "என்னங்க இப்படிப் புழுங்குது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கும். சென்சாருக்குச் செலவழிக்கும் முன் அது சொல்வதைக் கேட்டு அசைய வீட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

வெளிநாட்டுக் கட்டடங்களில் ஆயிரக்கணக்கில் வைக்கிறார்களே?

வைக்கிறார்கள். ஆம்ஸ்டர்டாமில் "தி எட்ஜ்" என்ற அலுவலகக் கட்டடத்தில் சுமார் 28,000 சென்சார்கள் உண்டு. எந்தத் தளத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்த்து வெளிச்சத்தையும் குளிர்ச்சியையும் கூட்டிக் குறைக்கும். அது பெரும்பாலும் மூடியே இருக்கும் கட்டடம். உள்ளே வருகிற காற்றும் பெரும்பாலும் இயந்திரம் வழியாகவே வரும், அதனால் கணக்கு வைக்கலாம். நம் வீட்டில் வாசல் கதவும் கொல்லைக் கதவும் நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும். அந்தக் கணக்கை இங்கே கொண்டுவந்து ஒட்டினால் ஒட்டாது.

பழைய ஓட்டு வீட்டில் இதெல்லாம் இல்லாமலே சுகமாக இருந்ததே?

இருந்தது. முற்றத்தில் சூடான காற்று மேலே ஏறிப் போகும், வாசலிலிருந்து கொல்லை வரை ஒரே நேர்கோட்டில் கதவுகள், வெயிலைத் தள்ளி நிறுத்தத் தாழ்வாரம். சென்சார் வேலையை வீட்டில் இருந்தவர்கள் செய்தார்கள். தெற்கே தென்றல், மேற்கே கோடை, வடக்கே வாடை, கிழக்கே கொண்டல் என்று காற்றுக்குப் பெயர் வைத்திருந்தவர்களுக்கு எந்த ஜன்னலை எப்போது சாத்த வேண்டும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை.

இதில் எனக்கு ஒரு பாடமும் உண்டு. மழை சென்சார் வைத்துத் தானாகச் சாத்தும் ஜன்னல் ஒன்றைச் செய்தேன். வசதியாக இருக்கிறதென்று சென்சாரைத் தெற்குச் சுவரில் வைத்துவிட்டேன். ஐப்பசி மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடித்தது. சென்சார் நனைவதற்குள் வடக்கு அறை மெத்தை நனைந்துவிட்டது.

அறையில் ஆள் இருப்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அதிகம் விற்பது பிஐஆர் சென்சார், வெள்ளைக் குமிழ் மாதிரி இருக்குமே, அது. நம் உடம்பிலிருந்து வெளிப்படும் அகச்சிவப்புக் கதிரை அந்தக் குமிழ் பல துண்டுகளாகப் பிரித்து உள்ளே அனுப்பும். ஆள் நகர்ந்தால் கதிர் ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். அந்த மாற்றத்தைத்தான் அது பார்க்கிறது. தன் பக்கமிருந்து எதையும் வீசுவதில்லை, படமும் எடுப்பதில்லை. நூறு ரூபாய் அளவில்கூட உதிரியாகக் கிடைக்கும்.

இதில் இரண்டு குறைகள். ஆடாமல் உட்கார்ந்திருப்பவர் அதற்கு இல்லாத ஆள். பூஜை அறையில் ஜபம் செய்கிறவர், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, மத்தியானம் சாய்ந்து தூங்குகிற தாத்தா எல்லோரையும் இருட்டில் விட்டுவிடும். இரண்டாவது நம் ஊர்க் குறை. உடம்பின் சூட்டுக்கும் பின்னால் இருக்கும் சுவரின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நம்பித்தான் அது வேலை செய்கிறது. அக்னி நட்சத்திரத்தில் சுவரே 36, 37 டிகிரிக்குப் போனால் பாவம் அதற்குக் கண் மங்கிவிடும். மார்கழியில் சோதித்துப் பார்த்து "பிரமாதம்" என்று சொன்னவர்கள் மே மாதம் என்னைத் திட்டியிருக்கிறார்கள்.

இன்னொரு வகை ரேடார். 24 அல்லது 60 கிகாஹெர்ட்ஸ் அலையை வீசித் திரும்பி வருவதைப் படிக்கும். மூச்சுவிடும்போது மார்பு ஏறி இறங்குவதைக்கூட அறியும் என்பதால் அசையாமல் இருப்பவரையும் விடாது. வெயிலும் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் அசைவது எல்லாமே அதற்கு ஆள்தான். சுற்றும் ஃபேன், ஆடும் திரைச்சீலை, மெல்லிய தடுப்புக்கு அந்தப் பக்கம் நடப்பவர் எல்லாமே கணக்கில் சேரும். திருவாரூர்ப் பக்கம் ஒரு வீட்டில் கூடத்து ஊஞ்சலிலிருந்து ஆள் எழுந்து போன பிறகும் காற்றில் ஊஞ்சல் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. ஃபேனும் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. ஃபேன் காற்றுதான் ஊஞ்சலை ஆட்டுகிறது, ஊஞ்சல்தான் ஃபேனை ஓட்டுகிறது என்று புரிய எனக்கு ஒரு மத்தியானம் ஆனது.

உள்ளே வரும்போது பிஐஆர், இருப்பதை உறுதிசெய்ய ரேடார் என்று இரண்டையும் சேர்த்துப் போடுவதே என் பழக்கம். அதுவும் படுக்கையறை, படிப்பறைக்கு மட்டும். மாடிப்படிக்கும் கழிவறைக்கும் பிஐஆர் போதும்.

கரண்ட் பில் குறையுமா?

எல்லோரும் கேட்பது இதைத்தான், கணக்கு போட்டுப் பார்ப்பவர்தான் குறைவு.

9 வாட் எல்ஈடி பல்பு ஒன்று தினமும் நான்கு மணி நேரம் சும்மா எரிகிறது என்று வையுங்கள். இரண்டு மாதத்தில் 2 யூனிட்டுக்குச் சற்று மேல். அதைத் தடுக்க வைக்கும் ஸ்மார்ட் சுவிட்ச், வேலை இல்லாதபோதும் அரை வாட் முதல் ஒரு வாட் வரை குடித்துக்கொண்டே இருக்கும். ஒரு வாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 1.4 யூனிட். மிச்சம் பிடித்ததில் பெரும்பகுதியைக் காவலாளியே தின்றுவிடுகிறான். வீடு முழுக்க இப்படி 20 சாதனம் வைத்தால் 29 யூனிட். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று வாழும் குடும்பத்துக்கு அது சின்ன எண் இல்லை.

மாறாக, 75 வாட் பழைய ஃபேனை எடுத்துவிட்டு மின்சாரம் குறைவாக இழுக்கும் புதுவகையான 30 வாட் பிஎல்டிசி ஃபேன் மாட்டினால், ஒரு நாளைக்கு 15 மணி நேரம் சுற்றுகிற வீட்டில் இரண்டு மாதத்துக்கு 40 யூனிட் குறையும். சென்சாரே தேவையில்லை. முதலில் ஃபேனை மாற்றுங்கள், பிறகு பேசலாம்.

ஏசி உள்ள அறையில் மட்டும் கதை வேறு. ஆளில்லாத அறையில் ஏசி ஓடுவதைத் தடுத்தால் நிஜமாகவே மிச்சம். 2020 ஜனவரியிலிருந்து நட்சத்திர முத்திரை பெற்ற அறை ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி வர வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. வாங்கி வந்ததும் அதை 18-க்குத் தள்ளுவது நம் வழக்கம். ஜன்னலில் ஒரு காந்த சென்சார் வைத்து, ஜன்னல் திறந்திருந்தால் ஏசி நிற்கும்படி செய்வது இருப்பதிலேயே மலிவான நல்ல வேலை.

நெல் குடோனுக்கு இதெல்லாம் பயன்படுமா?

வீட்டைவிட அங்கேதான் அதிகம் பயன்படும் என்பேன்.

கொள்முதலுக்கு ஈரப்பதம் 17 விழுக்காடு வரை என்பது வழக்கமான வரம்பு. குறுவை அறுவடை மழையோடு மோதும் ஆண்டுகளில் தளர்த்தச் சொல்லிக் கேட்பதும், மத்தியக் குழு வந்து பார்ப்பதும் நமக்குப் பழகியவை. மாதக்கணக்கில் வைக்க வேண்டுமானால் 14-க்குக் கீழே இறங்கியாக வேண்டும். அதற்கு மேல் உள்ள நெல்லை அட்டி போட்டு, அதாவது மூட்டை மேல் மூட்டையாக அடுக்கி வைத்தால் நடுவில் சூடு கிளம்பும். நெல்லும் பூஞ்சையும் பூச்சியும் சேர்ந்து மூச்சுவிடுவதால் வரும் சூடு அது. வெளிமூட்டையில் கைவிட்டால் தெரியாது. தெரியும்போது நடுவில் நிறம் மாறியிருக்கும்.

அட்டி போடும்போதே நடுவில் வெப்ப சென்சார் கேபிளை விட்டுவிட்டால் நாள்தோறும் சூடு எவ்வளவு என்று தெரியும். அதோடு மூடிய குடோனில் கார்பன் டை ஆக்சைடு அளவையும் பாருங்கள். ஆள் நடமாட்டம் இல்லாமலே அது ஏறிக்கொண்டு போனால் உள்ளே எதுவோ உயிரோடு இருக்கிறது என்று பொருள். சூடு வெளியே வர நாளாகும், வாயு முன்னதாகவே வந்துவிடும்.

இனி எல்லோரும் தவறு செய்யும் இடத்துக்கு வருகிறேன். குடோனில் எக்சாஸ்ட் ஃபேனைத் தானாக ஓட்ட, உள்ளே ஈரப்பதம் எவ்வளவு, வெளியே எவ்வளவு என்று ஒப்பிட்டுக் குறைவாக உள்ள பக்கத்துக் காற்றை எடுக்கிறார்கள். கேட்க நியாயமாக இருக்கும். உள்ளே 32 டிகிரி, 65 விழுக்காடு. விடியற்காலையில் வெளியே 26 டிகிரி, 85 விழுக்காடு. "வெளியேதான் ஈரம் அதிகம்" என்று சென்சார் ஃபேனை நிறுத்திவிடும். உண்மை நேர்மாறு. விழுக்காடு என்பது அந்தச் சூட்டில் காற்று தாங்கக்கூடிய நீரில் எத்தனை பங்கு இருக்கிறது என்பதுதான், சூடான காற்று அதிகம் தாங்கும். நீர் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கப் பனிநிலையைக் கணக்கிட வேண்டும், அதாவது எத்தனை டிகிரிக்குக் குளிர்ந்தால் அந்தக் காற்று வியர்க்கும் என்பதை. மேலே சொன்ன கணக்கில் உள்ளே பனிநிலை 24.6 டிகிரி, வெளியே 23.3. வெளிக்காற்றில்தான் நீர் குறைவு, ஃபேன் ஓட வேண்டும்.

விழுக்காட்டை மட்டும் ஒப்பிடும் கன்ட்ரோலரை யாராவது விற்க வந்தால் இந்த எண்களை அவரிடம் கொடுத்து என்ன செய்யும் என்று கேளுங்கள்.

கல்யாண மண்டபத்துக்கு?

ஏசி மண்டபமென்றால் கார்பன் டை ஆக்சைடு சென்சார் அவசியம். உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்கு ஏறக்குறைய 18 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வெளியிடுகிறார். 30 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரமுள்ள கூடத்தில் 600 பேர் இருந்து, வெளிக்காற்று வரவே வழியில்லை என்றால், ஒரு மணி நேரத்தில் பத்து லட்சத்தில் 4,800 பங்கு ஏறும். வெளியே சாதாரணமாக இருப்பது 420-ஐ ஒட்டி. முகூர்த்தம் முடிவதற்குள் பாதிப் பேருக்குக் கண் சொக்குவதற்குப் புரோகிதர் காரணமில்லை. 1,000-ஐத் தாண்டும்போது வெளிக்காற்று ஃபேன் வேகம் கூடும்படி வைத்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. இந்த சென்சார்களில் பல, சில நாட்களில் பார்த்த மிகக் குறைந்த அளவை "வெளிக்காற்று" என்று எடுத்துக்கொண்டு தம்மைத் தாமே திருத்திக்கொள்ளும். முகூர்த்தம் இல்லாத நாட்களில் மண்டபம் காலியாகக் கிடப்பதால் அந்தத் திருத்தம் இங்கே சரியாக நடக்கும். இரவும் பகலும் ஆளிருக்கும் விடுதி அறையில் நடக்காது, அங்கே அந்த வசதியை நிறுத்திவைக்க வேண்டும்.

அம்மா ஊரில் தனியாக இருக்கிறார். கேமரா வைக்காமல் பார்த்துக்கொள்ள முடியுமா?

முடியும். எனக்குப் பிடித்த வேலையும் இதுதான், அதிகம் தப்பு செய்ததும் இதில்தான்.

திருவையாற்றுக்குப் பக்கத்தில் என் பெரியம்மா தனியாக இருக்கிறார். அண்ணன் சிங்கப்பூரில். சமையலறையில் ஒன்று, கூடத்தில் ஒன்று என்று பிஐஆர் வைத்து, காலை ஐந்திலிருந்து எட்டுக்குள் எந்த அசைவும் இல்லையென்றால் அண்ணனுக்குச் செய்தி போகும்படி செய்தேன். இரண்டு மாதம் ஒழுங்காக ஓடியது. மார்கழி பிறந்தது. பெரியம்மா நாலரைக்கு எழுந்து, கோலம் போட்டு, திருப்பாவைக்குக் கோயிலுக்குப் போய், பொங்கல் வாங்கிக்கொண்டு வந்து, உள்ளே போகாமல் திண்ணையிலேயே பக்கத்து வீட்டு அக்காவோடு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எட்டு மணிக்குச் செய்தி போனது. அங்கே பத்தரை. அண்ணன் அலறியடித்து எதிர்வீட்டுக்கு போன் போட, அவர் செருப்புகூடப் போடாமல் ஓடிவர, பெரியம்மா நிமிர்ந்து பார்த்து, "என்னைக் காணோம்னு யாருடா சொன்னது?" என்றார்.

வீட்டுக்குள்தான் வாழ்க்கை நடக்கும் என்று நான் எடுத்துக்கொண்டதுதான் பிழை. டெல்டாவில் ஒரு பெரியவரின் நாளில் பாதி திண்ணையிலும் கொல்லையிலும் கழிகிறது. இப்போது வாசல் கதவிலும் கொல்லைக் கதவிலும் காந்த சென்சார் இருக்கிறது, கதவு திறந்தாலே "எழுந்துவிட்டார்" என்று கணக்கு. கணக்கு நாலு மணிக்கே தொடங்குகிறது. செய்தி முதலில் எதிர்வீட்டு அக்காவுக்குப் போகும், அவர் பார்த்துச் சொல்லாவிட்டால்தான் சிங்கப்பூருக்கு.

இன்னொன்றையும் பிறகுதான் கண்டேன். கூடத்து சென்சார் மேல் பெரியம்மா ஒரு ரவிக்கைத் துணியைத் தொங்கவிட்டிருந்தார். "குளிச்சிட்டு வர்றப்ப அது பார்க்குமில்ல?" அது படம் எடுக்காது என்று அண்ணனுக்கு விளக்கியிருந்தேன், அவருக்குச் சொல்லவில்லை. யார் வீட்டில் வைக்கிறோமோ அவரிடம் முதலில் கேட்க வேண்டும். இப்போது யார் கேட்டாலும் அந்தப் பெரியவரோடு அரை மணி நேரம் பேசாமல் வேலையை எடுத்துக்கொள்வதில்லை.

இந்தத் தகவல் எல்லாம் எங்கே போகிறது?

எந்தப் பொருள் வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மலிவான வைஃபை பிளக்குகள் பெரும்பாலும் நீங்கள் எப்போது எழுகிறீர்கள், எப்போது வீடு காலி என்பதை எங்கோ உள்ள கணினிக்கு அனுப்பிவிட்டுத்தான் வேலை செய்யும். வீட்டுக்குள்ளேயே ஒரு சின்னக் கணினி வைத்து, ஹோம் அசிஸ்டன்ட் போன்ற இலவச மென்பொருளில் ஓட்டினால் வெளியே போகத் தேவையில்லை. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொந்த வீட்டுப் பயன்பாட்டுக்குப் பொருந்தாது. விடுதி, அலுவலகம், கடை நடத்துகிறவர் ஆளை அடையாளம் காட்டும் பதிவு எடுத்தால் பொருந்தும். வாடகைக்கு விடும் அறையில் சென்சார் வைத்துவிட்டுச் சொல்லாமல் இருப்பது சட்டத்துக்கு முன்னாலேயே அசிங்கம்.

கரண்டும் இன்டர்நெட்டும் போனால்?

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்த பிறகு பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அதை மனதில் வைத்து வேலை செய்கிறேன். எல்லா விளக்குக்கும் கையால் போடும் சுவிட்ச் இருக்க வேண்டும். முடிவெடுக்கும் கணினி வீட்டுக்குள் இருக்க வேண்டும், அது இன்வெர்ட்டரில் ஓட வேண்டும். நம் சுவிட்ச் போர்டுகளில் பெரும்பாலும் பிளக் பாயிண்டும் சேர்ந்தே இருப்பதால் நியூட்ரல் வயர் கையருகே கிடைக்கும். ஸ்மார்ட் சுவிட்ச் வைக்க அது வசதி. எர்த்திங் சரியில்லாத வீட்டில் மட்டும் முதல் இடிக்கே எல்லாம் போய்விடும்.

தீ, கேஸ் கசிவு?

சமையலறையில் புகை சென்சார் வைக்காதீர்கள். கடுகு தாளித்தாலே கத்தும், மூன்றாம் நாள் யாராவது பேட்டரியைக் கழற்றிவிடுவார்கள். அங்கே வெப்ப சென்சார் வையுங்கள், புகை சென்சார் கூடத்திலும் படிக்கட்டிலும் இருக்கட்டும். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், தரையில் தேங்கும். அதற்கான சென்சார் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் இருக்க வேண்டும். குழாய் வழி வரும் இயற்கை எரிவாயு லேசானது, அதற்குக் கூரையை ஒட்டி. இதை மாற்றி வைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

2004 ஜூலை 16 அன்று எங்கள் ஊரில் ஒரு பள்ளியில் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். கீற்றுக் கூரை, குறுகலான படி. அங்கே எந்த அலாரம் அடித்திருந்தாலும் வெளியே வர வழி வேண்டுமே. பள்ளி, மண்டபம், விடுதி என்று யார் தீ அலாரம் கேட்டு வந்தாலும் நான் முதலில் படிக்கட்டை அளக்கிறேன்.

பல்லி?

பிஐஆர் குமிழ் மேல் பல்லி ஊர்ந்தால் விளக்கு எரியும். வேறு மருந்தில்லை, இடத்தை மாற்றிப் பாருங்கள். குளவி இதைவிட மோசம், ஈரப்பதம் அளக்கும் துளையில் மண்கூடு கட்டிவிடும், மெல்லிய வலை ஒட்டுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் வெளிச்சுவர் சென்சாரின் திருகும் டெர்மினலும் துருப்பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் திருகு, மூடிய பெட்டி, ஆண்டுக்கொரு முறை திறந்து பார்ப்பது. வெளி விளக்குக்கு மஞ்சள் வெளிச்சம் போடுங்கள், முதல் மழைக்கு ஈசல் வெள்ளை வெளிச்சத்தில்தான் அதிகம் குவியும்.

தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் மோட்டார் தானாக நிற்க?

போடுங்கள். யோசிக்கவே வேண்டாம். தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடினாலும் நிற்கிற வகையாகப் பாருங்கள்.

எதிலிருந்து தொடங்குவது?

வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சின்னக் கருவி ஒன்று வாங்குங்கள். சித்திரையில் பத்து நாள், ஐப்பசியில் பத்து நாள், ஒவ்வொரு அறையிலும் விடியற்காலை, மத்தியானம் மூன்று மணி, இரவு படுக்கும் முன் என்ன காட்டுகிறது, அப்போது அங்கே யார் இருந்தார்கள், எந்த ஜன்னல் திறந்திருந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டோடு வந்தால் எங்கே என்ன தேவை என்று பத்து நிமிடத்தில் பேசி முடிக்கலாம். இதுவரை வந்த நோட்டுகளில் பாதிக்கு மேல் "மேற்குச் சுவருக்கு வெளியே ஒரு பந்தல் போட்டு அவரைக் கொடியை ஏற்றுங்கள்" என்று எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதற்கு எலக்ட்ரீசியன் தேவையில்லை.